மேயர் வேட்பாளர் நம்ம தெருவுக்கு வந்தால்...



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து டீ வந்த நேரம். ஓசூர் மாநகராட்சிக்குள் இருக்கிற ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா பேச்சை ஆரம்பித்தார். "தேர்தல் தேதியே இன்னும் வரல. அதுக்குள்ள ஒருத்தர் எங்க தெருவுக்கு வந்து, 'அடுத்த மேயர் நான்தாம்மா, மறந்துடாதீங்க'ன்னு கும்பிட்டுட்டுப் போறார். பக்கத்து வீட்டுப் பாட்டி என்கிட்ட கேக்கறாங்க, மேயருக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துப் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. எங்களுக்கும்தான். ஊராட்சியில் இருக்கிற இன்னொரு சகோதரி, "டவுன் எலெக்‌ஷனுக்கும் கிராமத்துக்காரங்க நமக்கும் என்ன சம்பந்தம்? விடுங்க" என்றார். உடனே ஒரு பெரியம்மா சொன்னார்: "மத்திகிரிக்காரங்களும் ஒரு காலத்துல இப்படித்தான் சொன்னாங்க."

அன்றைக்குப் பேச்சு நீண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மூன்று பேர். அதனால் கேட்டு, விசாரித்து, படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாத மடலில் எழுதுகிறோம். குழுவில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

ஒரே ஒரு ஓட்டு

கிராமத்தில் உள்ளாட்சித் தேர்தல் என்றால் நமக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு சீட்டு தருவார்கள். தலைவரை நாமே நேராகத் தேர்ந்தெடுக்கிறோம். மாநகராட்சியில் அப்படி இல்லை. 2022-ல் ஒரே ஒரு ஓட்டுதான். அது நம் வார்டு கவுன்சிலருக்கு. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரை மேயர் ஆக்குகிறார்கள். ஓசூரில் 45 வார்டு. அதில் 23 கவுன்சிலர்களின் ஓட்டு யாருக்கோ அவர் மேயர்.

ஆக, அந்தப் பாட்டிக்குப் பதில்: மேயருக்கு என்று பொத்தானே கிடையாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996-லும் 2001-லும் மாநகராட்சி மக்களே மேயருக்கு நேராக ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி மக்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து திரும்பவும் கவுன்சிலர்கள் கையில் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் பதிவு, மார்ச் 4-ல் மேயர் தேர்தல் என்று நடந்தது இந்த முறையில்தான். நம் வீட்டில் பெரியவர்கள், "நான் மேயருக்கு ஓட்டுப் போட்டிருக்கேன்"னு சொன்னால் அது பொய்யில்லை. அவர் அப்போது சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்திருப்பார்.

அப்படியானால் "மேயர் வேட்பாளர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் யார்? அவரும் ஒரு வார்டில் கவுன்சிலருக்கு நிற்கிறவர்தான். அந்த வார்டில் தோற்றால் மேயர் கனவும் போச்சு. ஜெயித்தாலும் மற்ற கவுன்சிலர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். யாருமே எதிர்பார்க்காத ஆளும் வரலாம். கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக 2022-ல் உட்கார்ந்த க. சரவணன் ஆட்டோ ஓட்டியவர். சென்னையில் ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். பட்டியல் இனத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவர். 2022-ல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வார்டுகளிலும் பாதி பெண்களுக்கு. இது நல்ல சேதி, குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

இந்த முறையில் இன்னொன்றும் நடக்கும். 2024 ஜூலையில் கோயம்புத்தூர் மேயரும் திருநெல்வேலி மேயரும் ராஜினாமா செய்தார்கள். அடுத்த மாதமே கவுன்சிலர்கள் கூடிப் புது மேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊர் மக்கள் யாரும் ஓட்டுச்சாவடிக்குப் போகவில்லை. அதே ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கூட்டத்துக்குக் கவுன்சிலர்களே வராததால் தீர்மானம் தோற்றது. மேயர் வாக்குறுதியை நம்பி மட்டும் ஓட்டுப் போட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். வார்டுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊர் நம்மை நோக்கி வந்த கதை

1970-களில் சிப்காட் வந்தபோது ஓசூர் ஒரு சின்ன ஊர். வண்டி செய்யும் ஆலை, லாரி ஆலை, கைக்கடிகார ஆலை என்று ஒவ்வொன்றாக வந்தது. 2001 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் 84 ஆயிரம் பேர். 2011-ல் ஒரு லட்சத்து 16 ஆயிரம். அந்த ஆண்டிலேயே மத்திகிரி பேரூராட்சியையும், மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளையும் நகராட்சியோடு சேர்த்தார்கள். சேர்த்த பகுதிகளோடு பார்த்தால் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டியது. 2019 பிப்ரவரியில் மாநகராட்சி. 2022-ல் முதல் மேயர், எஸ்.ஏ. சத்யா.

அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள்? 2021-ல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. வடக்கத்திப் பிள்ளைகள், ஒடிசாப் பிள்ளைகள், நம் தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகள் என்று கம்பெனி விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் எத்தனை என்று 2011 கணக்கில் எப்படி இருக்கும்? இதை ஏன் சொல்கிறோம் என்றால், தண்ணீர், குப்பை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதற்கும் திட்டம் போடுவது தலை எண்ணித்தான். எனவே எந்த வேட்பாளர் வந்தாலும் முதல் கேள்வியாக, "நம்ம ஊர்ல இப்ப எத்தனை பேர்னு வெச்சுக்கிட்டு இதைச் சொல்றீங்க?" என்று கேட்கலாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் யோசித்திருக்கிறாரா இல்லையா என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

யார் கையில் என்ன

மேடையில் ஏறினால் எல்லாவற்றையும் செய்வேன் என்றுதான் சொல்வார்கள். கூட்டத்தில் நாங்கள் ஒரு வேலை செய்தோம். வேட்பாளர்கள் வழக்கமாகச் சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அது யார் பொறுப்பு என்று விசாரித்துப் பார்த்தோம்.

விமான நிலையம்: 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் அளவுக்கு. அது மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து செய்ய வேண்டியது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பெரிய ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. அதில் குழி இருந்தால் மேயரைத் திட்டிப் பயனில்லை. கரண்டு மின்வாரியம். பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகம். ஆனால் பஸ் ஸ்டாண்டும் அங்கே இருக்கிற கழிப்பறையும் மாநகராட்சியுடையது. கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் நுரை பொங்குகிறதே, அந்தத் தென்பெண்ணைத் தண்ணீர் பெங்களூரு ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டு வருகிறது. இரண்டு மாநில அரசுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். "நான் மேயரானா நுரையை நிறுத்திடுவேன்"னு ஒருவர் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

மாநகராட்சியின் கையில் நேராக இருப்பது: வீடுகளுக்குக் குடிதண்ணீர் பிரித்துக் கொடுப்பது, சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, உள் தெரு ரோடு, சந்தை, பஸ் ஸ்டாண்டு, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற சுகாதார நிலையங்கள், பிறப்பு இறப்புச் சான்று, வீடு கட்ட அனுமதி, வீட்டு வரி. இதிலும் மேயர் தனியாக எதுவும் செய்துவிட முடியாது. ஆணையர் என்று அரசு அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஊழியர்கள், பில், டெண்டர் வேலைகளை நடத்துவது அவர். மன்றம் தீர்மானம் போட வேண்டும், வரவு செலவுத் திட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மேயர் அந்த மன்றத்தை நடத்துகிறவர். எதைத் தீர்மானத்துக்குக் கொண்டுவருவது, எதைத் தள்ளிப் போடுவது என்பதில்தான் அவருடைய பலம். நம் கூட்டமைப்பிலும் அப்படித்தானே? தலைவி தனியாகக் கடன் கொடுக்க முடியாது, ஆனால் எந்த மனு முதலில் பேச்சுக்கு வரும் என்பது அவர் கையில்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. "வீட்டு வரியைக் குறைப்பேன்" என்பது எல்லோரும் சொல்கிற வாக்குறுதி. 2022-ல் மேயர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொத்து வரியை உயர்த்தி மாநில அரசின் அறிவிப்பு வந்தது. ஓசூர் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். மன்றங்கள் தீர்மானம் போட்டு நடைமுறைப்படுத்தின. எனவே குறைப்பேன் என்கிறவரிடம், "அரசு ஆணை வந்தா மன்றத்துல என்ன பேசுவீங்க?" என்று கேட்க வேண்டும்.

தண்ணீர்

இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கதை நமக்குத் தெரியும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு வலி, எலும்பு வளைவு. எல்லாம் ஃப்ளோரைடு. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், 2013-ல் முடிந்தது. காவிரித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியம் பெரிய தொட்டி வரை கொண்டுவருகிறது. அங்கிருந்து தெருத் தெருவாகப் பிரிப்பது ஊரில் ஊராட்சி, டவுனில் மாநகராட்சி.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அரசு வைத்திருக்கிறது. பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். நம் குடக் கணக்கில் கிராமத்துக்காரிக்கு நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு, டவுன்காரிக்கு ஒன்பது குடம். தண்ணீர் வருவதோ ஒரே ஆற்றிலிருந்து. டவுன் வளர வளர, புதுப் புது வீட்டு மனைகளுக்கு இணைப்புக் கொடுக்கக் கொடுக்க, குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கு என்ன மிஞ்சும்? இரண்டாம் கட்டத் திட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது வந்து சேரும் வரை இருப்பதைத்தான் பிரிக்க வேண்டும். எனவே டவுன் வேட்பாளரின் தண்ணீர் வாக்குறுதி, ஓட்டு இல்லாத நம் குடத்தையும் தொடுகிறது.

உள்ளே வருகிற தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வெளியே போவதைப் பற்றிப் பேச மாட்டார்கள். நூறு குடம் வீட்டுக்குள் வந்தால் ஏறக்குறைய எண்பது குடம் சாக்கடையாகத் திரும்பப் போகும் என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அது எங்கே போகிறது? பள்ளத்துக்கு. பள்ளத்தில் இருப்பது ஏரி. ஏரிக்குக் கீழே இருப்பது நம் தோட்டம். வேட்பாளர் ஏரிக்கரையில் நடைபாதை, பூங்கா, கலர் விளக்கு என்று படம் காட்டினால், "சாக்கடை வாய்க்கால் எந்த இடத்துல ஏரிக்குள்ள சேருது, அதை எங்க திருப்புவீங்க?" என்று கேளுங்கள். பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கடை நாற்றத்தில் யார் நடைப்பயிற்சி போவது?

சொல்லாமல் விடக்கூடாத ஒரு பழைய சேதி. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் அந்த ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததை இன்றும் சொல்கிறார்கள். பின்னாளில் எவ்வளவோ பெரிய அரசியல் பேசிய இருவரும் தொடங்கிய இடம் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும்தான்.

குப்பை எங்கே போகும்?

"ஊரைச் சுத்தமாக வைப்பேன்" என்கிற வாக்குறுதியைக் கேட்டால் கிராமத்துக்காரர்கள் நாம் கொஞ்சம் பயப்பட வேண்டும். டவுன் சுத்தமானால் குப்பை எங்கேயோ போயாக வேண்டுமே! கோயம்புத்தூரின் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளலூர். 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துச் சுற்றியிருந்தவர்கள் புகையில் திணறினார்கள். திருப்பூரில் குப்பையைக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டினார்கள். சுற்றியிருக்கிற கிராம மக்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும் என்று 2025-ல் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

இதற்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எந்த சர்வே நம்பர்?" குப்பைக் கிடங்கு எந்த ஊராட்சியில், எந்த சர்வே நம்பரில், எத்தனை ஏக்கர். அதைச் சொல்லாமல் "நவீன முறை" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். மக்கும் குப்பையைத் தெருவிலேயே பிரித்து, அந்தந்தப் பகுதி நுண் உர மையத்தில் உரமாக்கினால் கிடங்குக்குப் போவது வெகுவாகக் குறையும். நம் குழுக்கள் மாட்டுச் சாணத்தில் மண்புழு உரம் போட்டு விற்கிறோம், இது நமக்குப் புரியாத விஷயமா என்ன?

குப்பை அள்ளுகிறவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டடமான ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ், சுய உதவிக் குழு என்ற பெயரில் பல வருஷமாக வேலை பார்த்தவர்கள். குழு என்றால் சேமிப்பும் கடனும் மட்டும் என்று நினைக்கிறோம். அங்கே ஒரு மன்றத் தீர்மானத்தில் ஒரு குழுவின் கூலியே மாறியது. நம் உறுப்பினர்களிலும் டவுனுக்குப் போய்த் துடைப்பம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வார்டு வேட்பாளரிடம், "இந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விடுற தீர்மானம் வந்தா, கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் ஓட்டுப் போடுவீங்களா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சந்தையில் உட்காருகிறவர்கள்

நம்மில் பாதிப் பேருக்கு டவுன் என்றால் சந்தைதான். கொத்தமல்லி, கீரை, ரோஜா, தக்காளி கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறோம். உழவர் சந்தையில் கடை வாடகை கிடையாது, தராசும் கொடுப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் அட்டை இல்லை, இடமும் இல்லை. மற்றவர்கள் ரோட்டோரம்.

ஒரு நகரத்துச் சந்தையில் (பெயர் வேண்டாம்) நம் உறுப்பினர் ஒருவர் கீரைக் கூடையோடு உட்கார்ந்ததற்கு ஒரே நாளில் இரண்டு பேர் வந்து காசு வாங்கிப் போனார்கள். ரசீது கேட்டதற்கு, "கூடைக்கெல்லாம் ரசீதா?" என்று சிரித்தார்களாம். அன்று விற்ற கீரையில் மிஞ்சியது பஸ் காசு மட்டும். மன்றம் நிர்ணயித்த தொகைக்கு மேல் குத்தகைதாரர் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. இதை அவருக்கும் தெரியாது, நமக்கும் அன்று தெரியாது.

2014-ல் தெரு வியாபாரிகளுக்கு என்றே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்கள், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒருவர் பெண். விற்பனைச் சான்று கொடுக்க வேண்டும். இடத்தைவிட்டு எழுப்ப வேண்டுமானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆகவே, "போக்குவரத்து நெரிசலைச் சரி செய்வேன்" என்று வேட்பாளர் சொன்னால், நம் கூடையைத் தூக்கி வீசுவதுதான் அதற்கு வழியா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் கேளுங்கள்.

இரவு வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகள் பற்றி நிறையச் சொல்லலாம். இங்கே சுருக்கமாக: கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து விடுதி வரைக்கும் தெரு விளக்கு எரிகிறதா என்பது வார்டு கவுன்சிலர் வேலை. நம் ஊர்ப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். போனில் கேட்டு, எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதி வாருங்கள்.

நம் ஊரைச் சேர்ப்பார்களா?

இதுதான் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது. 2025 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சி, 5 பேரூராட்சி, 149 ஊராட்சிகளைச் சேர்ப்பது என்று. பல ஊர்களில் சாலை மறியல், கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம். நம் பக்கமும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

எதிர்ப்பின் பெரிய காரணம் வேலை. 2005-ல் சட்டமான நூறு நாள் வேலைக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் 125 நாள் என்று வேறு சட்டம் நிறைவேறியது. பழையதோ புதியதோ, இரண்டும் ஊரகப் பகுதிக்கு மட்டும். ஊராட்சி டவுனோடு சேர்ந்த பிறகு அந்த வேலை கிடையாது. 2022-ல் தமிழ்நாடு அரசு நகர்ப்புறத்திலும் ஒரு வேலைத் திட்டத்தைச் சில இடங்களில் தொடங்கியது, ஆனால் அது சட்டம் கொடுத்த உரிமை அல்ல. அடுத்தது வரி, கட்டட அனுமதிக் கட்டணம். மூன்றாவது, நம் குழுவே. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்பது ஊராட்சி இருக்கும் வரைதான். டவுனுக்குள் போனால் பகுதி அளவிலான கூட்டமைப்பு, வேறு திட்டம், வேறு அதிகாரி. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது நாமும் அந்த மாவட்டம். அந்தக் காலத்திலிருந்து சேர்த்த நிதியும் கணக்குப் புத்தகமும் இணைப்பின்போது எப்படி மாறும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நாலாவது ஒன்று, சிலருக்கு அது சின்ன விஷயம், எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கிராமத்தில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஓட்டுரிமை உள்ள எல்லோரும் போகலாம், பேசலாம், தீர்மானம் எழுதச் சொல்லலாம். டவுனில் 2022 விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபை என்று உண்டாக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பகுதி சபை கூட வேண்டும். முதல் சபை 2022 நவம்பர் 1-ல் நடந்தது, தாம்பரம் மாநகராட்சிப் பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்தார். டவுனில் இருக்கிற நம் உறுப்பினர்களிடம், "உங்க பகுதி சபை எங்க நடக்குது?" என்று கேட்டோம். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேட்பாளரிடம் இதைக் கேட்டுத் தேதி வாங்கலாம்.

எல்லோரும் எதிர்ப்பு என்றும் இல்லை. மத்திகிரிப் பக்கத்து அக்கா எழுந்து சொன்னார்: "சேர்ந்ததால எங்க தெருவுக்கு ரோடு வந்துச்சு, லைட்டு வந்துச்சு. என் மனையை வெச்சுத்தான் பொண்ணைப் படிக்க வெச்சேன். வரி ஏறுச்சுதான், இல்லேங்கல." நிலம் உள்ளவருக்கு ஒரு கணக்கு, கூலிக்குப் போகிறவருக்கு இன்னொரு கணக்கு. நாங்கள் இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். இணைப்பை முடிவு செய்வது மாநில அரசு. ஆனால் மாநகராட்சி மன்றத்தின் கருத்துக்கும் அங்கே இடம் உண்டு. அதனால்தான் ஓட்டு இல்லாத ஊர்க்காரர்களும் அந்த வேட்பாளரிடம், "எங்க ஊரைச் சேர்க்கணும்னு தீர்மானம் வந்தா, எங்க கிராமசபை என்ன சொல்லுச்சுன்னு கேப்பீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குழுவின் பெயரில் வேண்டாம்

ஒரு எச்சரிக்கை. தேர்தல் நேரத்தில் ஊக்குநர்களைத் தேடி வருவார்கள். "உங்க குழுவுல 15 ஓட்டு இருக்குல்ல, மொத்தமா பேசி முடிச்சிடுங்க" என்பார்கள். குக்கர், புடவை, குழுக் கணக்கில் பணம் என்று ஆசை காட்டுவார்கள். அந்தப் பணம் தீர்மானப் புத்தகத்தில் எப்படி ஏறும்? எந்தத் தலைப்பில்? குழுவின் பெயரில், கூட்டமைப்பின் பெயரில் யாருக்கும் ஆதரவு சொல்வதில்லை என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். தனியாக யார் எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். உறுப்பினர் யாராவது கவுன்சிலருக்கு நின்றால் சந்தோஷம், ஆனால் அவரிடமும் இதே கேள்விகள்தான்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்கு ஐந்து ஆண்டு, 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வீட்டு வரி ரசீது நகலும் வார்டு எண்ணும் கொண்டுவாருங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கடைசிக் கிராமசபைத் தீர்மானத்தை எழுதி வாருங்கள். கேள்விகளை ஒரே தாளில் எழுதி, எந்தக் கட்சியாக இருந்தாலும் எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுப்போம். பதிலுக்குக் கீழே கையெழுத்துக் கேட்போம்.

பாட்டிக்கும் சேதி போய்விட்டது. மேயருக்குப் பொத்தான் இல்லை, கவுன்சிலர்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊக்குநர் அக்கா போய்ச் சொன்னாராம். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கவுன்சிலரு யாரை மேயராக்குவாருன்னு முன்னாடியே எழுதிக் குடுப்பாரா?" என்று கேட்டாராம். அதையும் தாளில் சேர்த்திருக்கிறோம்.